குழந்தைக்கு எந்தப் பேஸ்ட், ஃபுளோரைடு உள்ளதா இல்லாததா? வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் மருத்துவர் நான். நாற்காலியில் வாயைத் திறந்து உட்காரும் பிள்ளைக்குச் செய்யும் வேலை ஒரு பங்கு என்றால், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் பதில் சொல்லும் வேலை இன்னொரு பங்கு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்தான். பிள்ளை சின்னதாக இருக்கிறதே என்று எதையாவது குறைக்க நினைத்தால், பேஸ்டின் அளவைக் குறையுங்கள், ஃபுளோரைடை எடுத்துவிடாதீர்கள்.

ஃபுளோரைடு என்ன பொருள்? பல்லுக்கு அது என்ன செய்கிறது?

மண்ணிலும் தண்ணீரிலும் இயற்கையாகவே இருக்கும் தாது அது. தேயிலையில்கூட இருக்கிறது.

பல்லின் மேல்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கெட்டியான பொருள். பிள்ளை ஒரு பிஸ்கட் தின்றால் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). வாயில் அது 5.5க்குக் கீழே போனதும் எனாமலில் இருந்து தாது கரைய ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. நம்ம ஏரியாவில் தண்டல், அதாவது தினக் கடன், வாங்குகிறவர்களுக்கு இது உடனே புரியும்: காலையில் எடுத்ததை அன்றன்றே கட்டிக்கொண்டு வந்தால் பிரச்சினை இல்லை, கட்டுவது குறைந்து எடுப்பது கூடினால் மாட்டிக்கொள்வோம். பல்லில் அப்படி மாட்டிக்கொள்வதுதான் சொத்தை.

ஃபுளோரைடு இருந்தால், கரைந்த தாது திரும்ப வந்து படிவது வேகமாகிறது. படிவதும் பழையதைவிட உறுதியாகப் படிகிறது. அப்படி உருவான பரப்பு, பி.எச். 4.5 வரை இறங்கினால்தான் கரையும். இந்த வேலை நடப்பது பல்லின் மேற்பரப்பில். அதனால்தான் தினமும் பல்லில் படும் பேஸ்ட் இவ்வளவு பயன் தருகிறது. விழுங்க வேண்டிய மருந்து இல்லை இது.

ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் போட்டாலும் பல் சுத்தமாகத்தானே இருக்கிறது?

சுத்தமாக இருக்கும். அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் வேலை, அது எந்தப் பேஸ்ட் போட்டாலும் நடக்கும். நுரை வரும், வாசனை வரும், ஈறும் நன்றாக இருக்கும். ஆனால் கடைவாய்ப் பல்லின் குழிக்குள்ளும் இரண்டு பல்லுக்கு நடுவிலும் பிரஷ் போகாது. சொத்தை ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். அங்கே எச்சிலோடு கலந்து போய்ச் சேர்வது ஃபுளோரைடு மட்டும்தான்.

இதை வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2003இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு நடந்த 70 ஆய்வுகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஃபுளோரைடு பேஸ்டால் தேய்த்த பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்களில் வந்த சொத்தை, சராசரியாக 24 சதவீதம் குறைவு. அந்த ஆய்வுகளில் இரண்டு கூட்டமும் பல் தேய்த்தது, பேஸ்டில் ஃபுளோரைடு இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே ஃபுளோரைடு பேஸ்டைச் சேர்த்தது. மூலிகை, கரி, உப்பு, கிராம்பு என்று வரும் பேஸ்ட்கள் எதற்கும் சொத்தையைத் தடுப்பதில் இந்த அளவு ஆதாரம் கிடையாது.

என் பையனுக்கு இரண்டு வயது. துப்பத் தெரியாது, முழுங்கிவிடுகிறான். அதனால்தான் ஃபுளோரைடு இல்லாததை வாங்கினேன். தப்பா?

அக்கறையில் செய்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். துப்பத் தெரியும்வரை ஃபுளோரைடு வேண்டாம் என்று பல் மருத்துவர்களே முன்பு சொல்லிக்கொண்டிருந்தோம். 2014இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் குழந்தை மருத்துவ அமைப்பும் அந்த ஆலோசனையை மாற்றி, முதல் பல்லில் இருந்தே ஃபுளோரைடு பேஸ்ட், ஆனால் மிகக் குறைந்த அளவு என்று சொன்னார்கள். துப்பத் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் சொத்தை வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். மூன்று வயதில் முன்பல் நாலும் கறுத்துக் கரைந்து வரும் பிள்ளைகளை நான் பார்க்கும்போதெல்லாம், இந்தச் செய்தி வீட்டுக்கு வீடு போய்ச் சேரவில்லையே என்றுதான் வருத்தப்படுவேன்.

சரி, முழுங்கினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 பி.பி.எம். பேஸ்ட் என்றால் ஒரு கிராம் பேஸ்டில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பேஸ்ட் போதும். அது ஏறக்குறைய 0.1 கிராம், அதில் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். காலை ராத்திரி இரண்டு வேளையும் ஒரு துளி விடாமல் முழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதாவது பையன் இரண்டு வேளையும் முழுங்குவது, அந்த அளவு ஃபுளோரைடு உள்ள தண்ணீரில் ஒரு டம்ளர் குடிப்பதற்குச் சமம்.

மூன்றில் இருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு, அதாவது சுமார் 0.25 கிராம். அந்த வயதில் துப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல், குனியவைத்துத் துப்பச் சொன்னால் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்.

அரிசி அளவு என்றால் எப்படி எடுப்பது? டியூபை அமுக்கினாலே நிறைய வந்துவிடுகிறதே?

விளம்பரத்தில் பிரஷ் முழுவதும் அலை மாதிரி பேஸ்ட் போட்டுக் காட்டுவார்கள். அது ஒரு கிராமுக்கு மேலேயே வரும். சின்னப் பிள்ளைக்கு நான் சொன்னதைப்போல் பத்து மடங்கு. அந்தப் படத்தை மறந்துவிடுங்கள்.

டியூபின் வாயைப் பிரஷ்ஷின் மேல் குறுக்காக வைத்து, லேசாகத் தொட்டு இழுங்கள். அமுக்க வேண்டியதில்லை. முடியின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு தெரிந்தால் போதும். பிறகு விரலால் ஒருமுறை அழுத்தி அதை முடிக்குள் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் பிரஷ் வாய்க்குள் போனதும் பிள்ளை மேலே இருப்பதை நக்கித் தின்றுவிடும், பல்லுக்கு ஒன்றும் மிஞ்சாது. பேஸ்ட் எப்போதும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். நாலு வயதுப் பிள்ளை ‘நானே போட்டுக்கறேன்’ என்று அடம் பிடித்தால் பிரஷ்ஷைக் கையில் கொடுங்கள், டியூபைக் கொடுக்காதீர்கள்.

ஒருநாள் டியூபையே பிதுக்கித் தின்றுவிட்டால்?

ஸ்ட்ராபெர்ரி வாசனை பேஸ்ட் வைத்திருக்கும் வீடுகளில் இது நடக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போனால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. பத்து கிலோ பிள்ளைக்கு அது 50 மில்லிகிராம், அதாவது 1000 பி.பி.எம். பேஸ்டில் 50 கிராம். நூறு கிராம் டியூபில் பாதி. அவ்வளவு தின்பது அரிது. ஆனால் அதற்குக் குறைவாகத் தின்றாலும் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரலாம்.

கொஞ்சமாக நக்கியிருந்தால் ஒரு டம்ளர் பால் கொடுங்கள். பாலில் உள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். நிறையத் தின்றிருந்தாலோ, எவ்வளவு என்று தெரியாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். அப்புறம், டியூபை மருந்து மாத்திரை வைக்கும் உயரத்தில் வையுங்கள்.

குழந்தைகள் பேஸ்ட் என்று தனியாக விற்கிறார்களே, அதைத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நம் நாட்டுச் சட்டப்படி அழகுசாதனப் பொருளாக விற்கும் எந்தப் பேஸ்டிலும் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. எத்தனை பி.பி.எம். என்பதையும் காலாவதித் தேதியையும் டியூபிலும் அட்டையிலும் அச்சிட்டிருக்க வேண்டும். பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அந்த 1000தான். ஆகவே வீட்டில் எல்லோரும் போடும் சாதாரண ஃபுளோரைடு பேஸ்டையே, அளவைக் குறைத்துப் பிள்ளைக்கும் போடலாம். தெருமுனைக் கடையில் தொங்கும் சின்ன டியூபில்கூட இந்த 1000 உண்டு. குழந்தை பேஸ்ட் வாங்க வசதியில்லை என்று எந்த அம்மாவும் குறைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லை.

பொம்மை படம் போட்ட பேஸ்ட்களில்தான் கவனம் வேண்டும். சிலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. சிலவற்றில் 500 அல்லது அதற்கும் கீழே. 1000க்கும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான் சொத்தையைத் தடுக்கும் ஆதாரம் உறுதியாக இருக்கிறது. அதனால் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் டியூபைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட், சோடியம் ஃபுளோரைடு, ஸ்டானஸ் ஃபுளோரைடு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா, பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று படியுங்கள். இங்கிலீஷ் படிக்கச் சிரமமாக இருந்தால் ஸ்கூல் போகும் மூத்த பிள்ளையிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் பேஸ்ட் ‘காரமா இருக்கு’ என்று பிள்ளை துப்பிவிட்டால் அது புதினா. அப்போது 1000 பி.பி.எம். உள்ள, காரமில்லாத குழந்தை பேஸ்ட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. பிள்ளை வாயைத் திறந்து காட்டுவதுதான் முக்கியம், அதற்காகக் கூடுதலாகச் செலவழித்தால் பரவாயில்லை.

பர்மா பஜாரில் வாங்கியது, கப்பலில் வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்தது என்று வெளிநாட்டு டியூபும் இந்தப் பக்கம் வீடுகளில் இருக்கும். அதில் 1450 என்றுகூடப் போட்டிருக்கும். பெரியவர்களுக்கு நல்ல பேஸ்ட்தான். துப்பத் தெரியாத பிள்ளைக்கு 1000 உள்ள நம்ம ஊர் டியூபே போதும்.

டியூபின் அடியில் பச்சைக் கோடு இருந்தால் இயற்கை, கறுப்புக் கோடு இருந்தால் முழுக்கக் கெமிக்கல் என்கிறார்களே?

பொய். டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் அச்சு அடையாளம் அது. உள்ளே இருப்பதற்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எங்க ஆயா வேப்பங்குச்சியில்தான் தேய்த்தார்கள், எழுபது வயதில் முறுக்கு கடிக்கிறார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது பொய்யா?

பொய்யில்லை. குச்சியை மென்று நார் நாராக்கித் தேய்த்தால் அழுக்குப் போகும், ஈறுக்கும் நல்லது. ஆனால் உங்கள் ஆயா பிள்ளையாக இருந்தபோது என்ன சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். கேழ்வரகுக் கூழ், கருவாடு, பழையசோறு. தின்பண்டம் திருவிழாவுக்குத் திருவிழா வந்திருக்கும். இன்றைக்குப் பிள்ளைக்குக் காலையில் கடை டீயில் தொட்ட பன், பத்து மணிக்குக் கிரீம் பிஸ்கட், ஸ்கூல் விட்டு வந்ததும் ஐந்து ரூபாய் ஜூஸ் பாக்கெட், சாயங்காலம் சாக்லேட். அந்த வாய்க்குப் போதுமாக இருந்த குச்சி இந்த வாய்க்குப் போதாது.

ஆயாவோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம். அவர்கள் குச்சியில் தேய்க்கட்டும், பேரப்பிள்ளைக்கு ஃபுளோரைடு பேஸ்டை அவர்கள் கையாலேயே போட்டுவிடட்டும். பல வீடுகளில் அம்மா வேலைக்குப் போய்விட, பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுவது ஆயாதான். அவர்களுக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூலிகை பேஸ்ட்டில் சிலவற்றில் ஃபுளோரைடும் சேர்த்திருக்கிறார்கள், பலவற்றில் இல்லை. இதற்கும் டியூபைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. பல்பொடி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். சிவப்புப் பொடி, கரி, சாம்பல், செங்கல்தூள் எதுவும் பிள்ளையின் பல்லில் வேண்டாம். பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லுடையதைவிட மெல்லியது. விரலால் சொரசொரவென்று தேய்க்கத் தேய்க்க அது தேய்ந்துபோகும். புகையிலை கலந்த பல்பொடியை இந்தியாவில் 1992லேயே தடை செய்துவிட்டார்கள். யாராவது வீட்டில் வைத்திருந்தால் பிள்ளை கைக்கு எட்டவிடாதீர்கள்.

ஆன்லைனில் ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட் என்று பார்த்தேன். ஃபுளோரைடு இல்லை, முழுங்கினாலும் பரவாயில்லை என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்களில் நான் மதித்துப் பேசக்கூடிய ஒரே வகை இது. பல் எந்தப் பொருளால் ஆனதோ அதையே நுண்ணிய துகளாக்கிப் பேஸ்டில் போடுகிறார்கள். ஜப்பானில் 1980லேயே விற்பனைக்கு வந்தது. 1993இல் அந்நாட்டு அரசு இதைச் சொத்தை தடுக்கும் பொருளாக ஏற்றது. சமீபத்தில் பிள்ளைகளிடம் நடந்த சில சோதனைகளில் ஃபுளோரைடுக்கு இது குறைந்ததில்லை என்று வந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனைகள் எண்ணிக்கையில் கொஞ்சம், நடந்த காலமும் குறைவு. ஃபுளோரைடின் பின்னால் எழுபது ஆண்டுக் கதை இருக்கிறது; அமெரிக்காவில் முதல் ஃபுளோரைடு பேஸ்ட் கடைக்கு வந்தது 1950களின் நடுவில். விலையும் பல மடங்கு வித்தியாசம். நான் சொல்வது இதுதான்: ஏற்கெனவே சொத்தை உள்ள பிள்ளைக்கு ஃபுளோரைடை விட்டுவிட்டு இதற்கு மாறாதீர்கள். ஃபுளோரைடே வேண்டாம் என்று உறுதியாக முடிவெடுத்துவிட்ட பெற்றோர் என்றால், வெறும் வாசனை ஜெல் பேஸ்டைவிட இது எவ்வளவோ மேல். அப்படிச் செய்கிறவர்கள் இனிப்பை இரண்டு மடங்கு கண்காணிக்க வேண்டும்.

தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறதாமே? தர்மபுரிப் பக்கம் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பாக இருக்கிறது. நமக்கும் அப்படி ஆகாதா?

நல்ல கேள்வி, பயமும் நியாயமானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடிப் பாறையில் இருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கலக்கிறது. பல் உருவாகும் வயதில், அதாவது பிறந்ததில் இருந்து எட்டு வயதுவரை, அந்தத் தண்ணீரையே தினமும் குடித்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டால் பல்லில் கறை விழும் ஃபுளோரோசிஸ் வரும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள்.

வடசென்னையின் கதை வேறு. நமக்கு வரும் மெட்ரோ வாட்டர் பூண்டி, சோழவரம், புழல் ஏரித் தண்ணீர், அத்துடன் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய நிலையத்தில் இருந்து ஒரு நாளுக்கு 10 கோடி லிட்டர்வரை சுத்திகரித்துத் தரக்கூடிய கடல்தண்ணீர். ஏரித் தண்ணீரில் பொதுவாக ஃபுளோரைடு குறைவு. கடல்தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது உப்போடு சேர்ந்து ஃபுளோரைடும் போய்விடும். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருந்தாலோ கேன் தண்ணீர் குடித்தாலோ இன்னும் குறைவு. ஆகவே இங்கே பிள்ளையின் பல்லுக்கு ஃபுளோரைடு கிடைக்கும் முக்கியமான வழி பேஸ்ட்தான். அதையும் எடுத்துவிட்டால் ஒன்றுமே இல்லை.

போர் தண்ணீரையே குடிக்கும் வீடுகள் மட்டும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதனை செய்கிறார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கும் தண்ணீரை மாற்றுங்கள், பேஸ்டை அல்ல.

பேஸ்டை நிறைய முழுங்கிப் பழகும் பிள்ளைகளுக்கும் லேசான ஃபுளோரோசிஸ் வரலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது பல்லில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும், உற்றுப் பார்த்தால்தான் கண்ணில் படும். பல் பலவீனமாகாது. அரிசி, பட்டாணி என்று அளவு சொல்வதே அதைத் தவிர்க்கத்தான்.

ஃபுளோரைடு பிள்ளையின் மூளையைப் பாதிக்கும், அறிவு குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அதன் பின்னால் ஓர் உண்மையான அறிக்கை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்டது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள இடங்களில் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருப்பதோடு தொடர்பு தெரிகிறது என்று அது சொல்கிறது. அதே அறிக்கை, லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பற்றி அப்படி முடிவு சொல்லப் போதுமான தகவல் இல்லை என்றும் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும்போது அந்தப் பாதி கழன்றுவிட்டது. அந்த அறிக்கை எச்சரிப்பது, ஃபுளோரைடு கூடிய தண்ணீரை நாள் முழுக்க லிட்டர் கணக்கில் குடிப்பதுபோல் நிறைய உள்ளே போவதைப் பற்றி, அரிசி அளவு பேஸ்டைப் பற்றி இல்லை.

பால்பல் விழத்தானே போகிறது? அதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

இதைக் கேட்காத நாளே இல்லை. முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும், சரி. பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால்பற்கள் விழுவது பத்தில் இருந்து பன்னிரண்டு வயதில். மூன்று வயதில் அது சொத்தையானால் ஏழெட்டு வருஷம் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? வலியில் சாப்பிடாது, தூங்காது, ஸ்கூலுக்குப் போகாது. சீழ் கட்டினால் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு ராத்திரி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து, அடியில் இருந்து வரும் பல் கோணலாக முளைக்கும்.

இன்னொன்று. ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் இதையும் பால்பல் என்றே நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். பக்கத்தில் நிற்கும் சொத்தைப் பல்லின் கிருமி முதலில் தாக்குவது அதைத்தான். உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தால் இன்றைக்கே டார்ச் அடித்து வாயின் கடைசியில் பாருங்கள். அது முளைத்திருந்தால், அதன் குழிகளை மூடும் சீலண்ட் போடலாமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது, எப்படித் தேய்த்துவிட வேண்டும்?

இரண்டு வேளை. ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், அமிலத்தைத் தணிக்க ஆள் இருக்காது. காலையில் தெருக் குழாயடியிலோ பொதுக் குளியலறை வரிசையிலோ நின்றுகொண்டு ஒரு பையன் பத்து நொடி பிரஷ்ஷைக் கடித்துவிட்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தேய்ப்பதில் சேராது. ராத்திரி சாப்பாடு முடிந்து, டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது தரையில் உட்காருங்கள், பிள்ளையின் தலையை உங்கள் மடியில் சாய்த்து, மேலிருந்து வாய்க்குள் பார்த்தபடி இரண்டு நிமிஷம் தேய்த்துவிடுங்கள். குழாயோ வாஷ்பேசினோ தேவையில்லை, துப்ப ஒரு கிண்ணம் போதும். ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

தேய்த்து முடித்ததும் துப்பச் சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். நாம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து, தொண்டைவரை விரலை விட்டு ஓங்கரித்தால்தான் வாய் சுத்தமானதாக நினைப்போம். அப்படிச் செய்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சாக்கடைக்குப் போய்விடும். லேசான நுரை வாயில் இருக்கட்டும். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள்.

ஃபுளோரைடு பேஸ்ட்தான் போடுகிறோம். அப்படியும் சொத்தை வந்துவிட்டதே?

பேஸ்ட் ஒரு பக்கம் காப்பாற்றும்போது இன்னொரு பக்கம் ஏதோ நடக்கிறது. நான் முதலில் கேட்பது பால் பாட்டிலைப் பற்றி. சர்க்கரை போட்ட பாலை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்கினால், மேல் முன்பல் இரவு முழுக்க அதிலேயே ஊறும். நிப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, அது பல்லையும் தாண்டிய ஆபத்து. அடுத்தது, வீசிங்குக்கும் இருமலுக்கும் ராத்திரி கொடுக்கும் இனிப்பு சிரப். மருந்தை நிறுத்தாதீர்கள், மருந்தைக் கொடுத்துவிட்டுப் பல் தேய்த்துப் படுக்கவையுங்கள். அப்புறம் தின்பண்டம். எவ்வளவு தின்கிறது என்பதைவிட எத்தனை தடவை தின்கிறது என்பது முக்கியம். ஒரு சாக்லேட்டை ஒரே மூச்சில் தின்று முடிப்பதைவிட, ஜவ்வு மிட்டாயை மணிக்கணக்காகச் சப்புவது மோசம்.

சொத்தை ஆரம்பிப்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும். பிள்ளையை வெளிச்சத்தில் படுக்கவைத்து மேல் உதட்டைத் தூக்குங்கள். முன்பல்லைத் துணியால் துடைத்துவிட்டு, ஈறை ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். அங்கே சாக்பீஸ் வெள்ளையில், பளபளப்பில்லாமல் ஒரு கோடு தெரிந்தால் சொத்தையின் முதல் கட்டம் அது. இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பேஸ்டாலும், மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷாலும் அதை நிறுத்தவும் திருப்பவும் முடியும். ஊசியும் இல்லை, மெஷின் சத்தமும் இல்லை. இந்த வெள்ளைக் கோட்டோடு யாராவது பிள்ளையைக் கூட்டிவந்தால் எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழுப்பாகிக் குழி விழுந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பயந்த பிள்ளைகளுக்குச் சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தொட்டுவைத்தே சொத்தையை நிறுத்திப் பார்க்கலாம். அந்த இடம் கறுப்பாகிவிடும், ஆனால் பல்லைத் துளைக்க வேண்டியிருக்காது.

எங்கே காட்டுவது? தனியார் கிளினிக் போக வசதியில்லை.

முத்துசாமி பாலத்துக்குப் பக்கத்தில், கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் இருந்து பாரிமுனை பஸ் ஏறினால் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பல் பிரிவும் பக்கம். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு பிள்ளைகளின் சொத்தைப் பல்லையும் பார்த்து எழுதிக்கொடுப்பார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் பத்திரமாக வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காட்டுங்கள். வீட்டில் போடும் பேஸ்ட் டியூபையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், என்ன எண் என்று மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.